ஸ்டுடியோ பாயும் நீல வளையமும்

பழவேற்காடு கடைத்தெருவில் அவருடைய ஸ்டுடியோவைத் தாண்டிப் போவது அவ்வளவு சுலபமில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் அரிசி இல்லை என்று எந்தக் காரணம் சொன்னாலும் எடுபடாது. வாசலிலேயே சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வார். "ஒரே நிமிசம்பா. இத்த மட்டும் பாத்துட்டுப் போ." அது பலகை இடுக்கில் முட்டை வைத்த குருவியாக இருக்கலாம். கண்ணாடி டம்ளரில் அவர் பிடித்துப் போட்ட இறால் குஞ்சாக இருக்கலாம். ஒருமுறை தபால்காரரைப் படம் கழுவும் இருட்டறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். கதவில் இருந்த சின்ன ஓட்டை வழியாக வெளிச்சம் வந்து எதிர்ச்சுவரில் விழ, அதில் கடைத்தெரு முழுக்கத் தலைகீழாக நடந்துகொண்டிருந்தது. தபால்காரர் தன் சைக்கிளும் தலைகீழாக நிற்பதைப் பார்த்து வாய் பிளந்துவிட்டாராம். அன்று பாதித் தெருவுக்குத் தபால் மறுநாள்தான் வந்தது.

அவருக்குப் பெயர் இருந்தது. ஆனால் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் ஸ்டுடியோ பாய். ஒல்லியான உடம்பு, வெள்ளைக் கைலி, மருந்துத் தண்ணீரில் ஊறிப் பழுப்பாகிப் போன நகங்கள். கண்ணில் பட்ட எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர். இன்னொருத்தர் கண்ணில் அதைப் போட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அந்தக் குணத்தால் நான் பட்ட சந்தோஷமும் அதிகம், பட்ட பாடும் அதிகம்.

நான் கோட்டைக்குப்பத்துக்காரன். அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. நைனாவும் நானும் ஒரே மரத்தில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். கட்டுமரத்தை நாங்கள் வெறுமனே மரம் என்றுதான் சொல்வோம். எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம், என் வீட்டுக்காரி கடைத்தெருவில் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூடையில் மற்ற மீன்களுக்கு நடுவே கையகலத்தில் தேன் நிற மீன் ஒன்று கிடந்தது. உடம்பெல்லாம் நீலக் கோடுகள், செவுளுக்கு மேலே தனியாக ஒரு நீல வளையம். பாய் அதைப் பார்த்துவிட்டார்.

"இது இன்னா மீனும்மா?"

"அது வெலைக்கு ஆவாது பாய். பார் மீனு. வலையில மாட்டிக்கினு கூடவே வந்துடுச்சி."

கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டைத்தான் நாங்கள் பார் என்போம். எங்கள் ஊருக்கு நேரே ஒரு பார் உண்டு. பாய் கூடைக்கு முன்னால் குந்திவிட்டார். மீனுக்கு இன்னும் உயிர் இருந்தது. அது அடங்க அடங்க அந்த நீலம் சாம்பலாகிக்கொண்டே வந்தது. ஸ்டுடியோவுக்குள் முகத்தில் பவுடர் போட்டுக்கொண்டு காத்திருந்த ஆள் வெளியே வந்து கத்தியும் இவர் எழுந்திருக்கவில்லை. "இத்தப் பாரேன், போவுது பாரேன்" என்று என் வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். "செத்த மீனுக்கு எழவு காத்த மொத ஆளு அந்த பாய்தான்" என்று அவள் வீட்டுக்கு வந்து சிரித்தாள்.

அன்று சாயங்காலமே எங்கள் குப்பத்துக்கு வந்துவிட்டார். நைனா வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

"உசுரோட கீறப்ப அது இன்னா கலரு?" என்றார் பாய்.

"எங்களுக்கு இன்னா தெரியும் பாய்? மேல வந்தாதான் எங்களுக்கு அது மீனு."

"அப்ப நான் போய்ப் பாக்கறேன்."

நைனா விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தார். எனக்கு அப்போதே சந்தேகம்தான்.

சிங்கப்பூர்க் கப்பலில் வேலை பார்த்த அவருடைய சின்னம்மா மகன் ஒரு முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் கொண்டுவந்து கொடுத்தார். கேமராவைத் தண்ணீருக்குள் கொண்டுபோக பாயே ஒரு பெட்டி செய்தார். தேக்குப் பலகை, முன்னால் கண்ணாடி, மூட்டெல்லாம் தார், பக்கவாட்டில் ஓட்டை போட்டு அதில் ஆஸ்பத்திரி ரப்பர் கையுறை. வெளியிலிருந்து கையுறைக்குள் கையை விட்டால் உள்ளே இருக்கும் கேமராவைத் திருகலாம், அழுத்தலாம். முதலில் கேமராவுக்குப் பதில் பழைய செய்தித்தாளை வைத்து ஏரியில் முக்கினார். தாள் நனையவில்லை. நனைய வழியுமில்லை, பெட்டி முங்கினால்தானே. இளநீர் மட்டை மாதிரி மேலேயே மிதந்தது. கரையில் நின்ற எங்கள் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு நான் வலையில் கட்டும் ஈயக் குண்டுகளைக் கொடுத்தேன். பெட்டிக்குக் கொஞ்சம், அவர் இடுப்புக்குக் கொஞ்சம். அப்புறம் இரண்டும் ஒழுங்காக முங்கின.

மாசி, பங்குனியில் சில நாள் எங்கள் கடல் தெளிந்து கிடக்கும். மீன்பாடு இல்லாத அந்த மாதிரி நாட்களில் அவரைப் பாருக்குக் கூட்டிப்போவேன். நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். மூச்சு இருக்கும்வரை அசையாமல் தொங்குவார். ஸ்டுடியோவில் "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பும்மா, தோ, அவ்ளோதான்" என்று கெஞ்சுவாரே, அதே பொறுமைதான் மீனிடமும். ஆனால் மேலே வந்துவிட்டால் பொறுமையெல்லாம் போய்விடும். வாயில் குழாயை வைத்துக்கொண்டே பேசுவார், சங்கு ஊதுவது மாதிரி கேட்கும். மரத்தை உள்ளங்கையால் தட்டுவார். "எறங்குப்பா! சீக்கிரம் எறங்கு! போய்டப் போவுது!"

"இருக்கற மீனெல்லாம் ஓடிடும், சும்மா வா பாய்" என்று எத்தனையோ தடவை எரிந்து விழுந்திருக்கிறேன்.

எனக்குக் கடலில் பயம் கிடையாது. ஆனால் அதற்குள் முகத்தைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஒருநாள் அவர் கண்ணாடியைக் கழற்றி என் முகத்தில் மாட்டித் தலையை அமுக்கியே விட்டார். செப்பிலிகள் கூட்டமாக ஒரே பக்கம் பார்த்து நின்றன. பாறை இடுக்கிலிருந்து ஒரு கலவா என்னை முறைத்தது. மஞ்சள் வண்ணாத்திகள் இரண்டிரண்டாகப் பாறையைக் கொத்திக்கொண்டு போயின. சின்ன வயதிலிருந்து நான் தூண்டிலில் இழுத்துப் போட்ட அதே மீன்கள்தான். ஆனால் எதற்கும் அவசரம் இல்லை. வீட்டுக்குள் இருப்பவர்களை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்ட மாதிரி எனக்குக் கூச்சமாக இருந்தது. மேலே வந்து, "இன்னா பாய் இது" என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே, அந்தப் பாரையே அவர்தான் கட்டி வைத்த மாதிரி.

அப்போது படமெல்லாம் கறுப்பு வெள்ளை. கல்யாணப் படங்களில் பெண்ணின் பட்டுப்புடவைக்குத் தீட்டும் வண்ணத்தைத்தான் மீன்களுக்கும் தீட்டினார். பஞ்சைக் குச்சியில் சுற்றித் தொட்டுத் தொட்டு வைப்பார். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். "இந்த மஞ்சள் சரியா? இன்னும் கொஞ்சம் வெளுப்பா?" நான் சரி என்று சொல்லும்வரை விடமாட்டார். நான் எழுந்து போக வேண்டும் என்பதற்காகச் சரி என்று சொன்னால் அதையும் கண்டுபிடித்துவிடுவார். துபாய் போவதற்குப் படம் எடுக்க வந்தவர்கள் முதலில் இந்த மீன்களையெல்லாம் பார்த்தாக வேண்டும். அதன் பிறகுதான் அவர்களுக்கு ஸ்டூல்.

பாரில் அவருடைய மனதைப் பிடித்து வைத்துக்கொண்டவை இரண்டு. ஒன்று அந்த வளைய மீன். இன்னொன்று கட்டைவிரல் நீளத்தில், கருநீல உடம்பில் வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்ட குட்டி மீன். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. ஆனால் பாய்க்கு ஒரு நினைப்பு விழுந்துவிட்டது.

"வெள்ளக் கோடு போட்டதுல பெருசே கெடையாது. வளையம் போட்டதுல சின்னதே கெடையாது. அப்ப சின்னது எங்க போவுது? பெருசு எங்கந்து வருது? ரெண்டும் ஒண்ணுதாம்பா."

நைனா கேட்டுவிட்டு, "மடவைக்குக் கொடுவா பொறந்த கதையால்ல இருக்குது" என்றார். எனக்கும் நம்பிக்கை வரவில்லை. இது எந்தப் புத்தகத்திலாவது இருந்திருக்கும், ஆனால் எங்கள் கையில் புத்தகமும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. பாதி மாறிய நிலையில் ஒரு மீனை எடுத்துவிட்டால் போதும், ஊர் மொத்தத்துக்கும் காட்டிவிடலாம் என்பது அவர் ஆசை.

ஒரு பங்குனி மத்தியானம். வளைய மீனை அன்று பக்கத்தில் போய்ப் படம் பிடித்துவிட்டார். பிலிமில் கடைசிப் படம் ஒன்று பாக்கி. மேலே ஏறி, பெட்டியைத் திறந்து, கேமராவைத் துடைத்து, மரத்தின் முனையில் துடுப்போடு உட்கார்ந்திருந்த என்னை எடுத்தார். "சிரிக்காத. அப்டியே இரு." எடுத்து முடித்து, சும்மா ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கியவர் வெகுநேரம் கழித்து மேலே வந்தார். தட்டவில்லை, கத்தவில்லை. மெதுவாக, "கீது" என்றார்.

கண்ணாடியை வாங்கிக்கொண்டு நானும் போனேன். பாறை இடுக்கில் நின்றது. பாதி அழித்த கோலம் மாதிரி வெள்ளைக் கோடுகள் மங்கியிருந்தன. அவற்றுக்கு நடுவே புதிதாக நீலம் ஓடத் தொடங்கியிருந்தது. வளையம் இன்னும் வரவில்லை. வால் ஓரத்தில் ஒரு கிழிசல். பிலிம் தீர்ந்துவிட்டது.

"பரவால்ல, அது எங்கயும் போவாது. அடுத்த தபா எடுத்துக்கலாம்" என்றார்.

மறுநாளே காற்று மாறிக் கடல் கலங்கிவிட்டது. அந்த இடைவெளியில் அவர் படத்தையெல்லாம் கழுவினார். என் படம் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பெரிதாக்கி, என் லுங்கிக்குப் பச்சை வண்ணம் தீட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு ஸ்டுடியோ வாசலில் மாட்டிவிட்டார். என் வீட்டுக்காரி வெட்கப்பட்டுக்கொண்டு அந்தப் பக்கமே போகவில்லை, ஆனால் மற்ற பெண்களைப் போய்ப் பார்க்கச் சொன்னாள்.

அந்தப் படத்தை வடக்குக் குப்பத்து ஆள் ஒருவர் வெகுநேரம் நின்று பார்த்தாராம். பாய்க்குக் கேட்க வேண்டுமா. ரசிக்கிறார் என்று உள்ளே கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்து, மீன் படங்களையெல்லாம் காட்டி அனுப்பியிருக்கிறார்.

அந்த ஆள் பார்த்தது என்னை இல்லை. எனக்குப் பின்னால் கரை தெரிந்தது. கரையில் கலங்கரை விளக்கம், அதன் தோளை ஒட்டினாற்போல் ஒற்றைப் பனை. பாருக்கு மேலே நிற்கும்போது மட்டும்தான் அந்தப் பனை அந்த இடத்தில் நிற்கும். எங்கள் ஊரில் இந்த அடையாளத்தை வெளியாட்களிடம் சொல்வதில்லை, கல்யாணம் கட்டிப் போன பெண்ணின் புருஷனுக்குக்கூட. விளக்கையும் பனையையும் அதே மாதிரி ஒட்ட வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டிலேயே கயிற்றில் கல்லைக் கட்டி இழுத்துக்கொண்டு போனால், எங்கேயாவது பாறை தட்டியே தீரும். அவர்களுக்குத் தட்டிவிட்டது.

ஒருநாள் காலையில் நாங்கள் போனபோது பார் மேல் அவர்களுடைய மரங்கள் நின்றன. கடலும் ஏரியும் கையை விரித்துவிடும் நாட்களில் எங்கள் அடுப்பு எரிந்தது அந்தப் பாரை வைத்துத்தான். ஊரே கொதித்தது. நான்தான் பாயைக் கூட்டிப்போனவன் என்பதால் சாயங்காலம் அம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டு என்னை நிறுத்தினார்கள். நைனா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

யாரும் கூப்பிடாமலே பாய் வந்தார். கக்கத்தில் அந்தச் சட்டம் போட்ட படம்.

"மாட்னது நானு. தம்பிக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்ல" என்றார்.

"பனமரம் தெரியறது உனுக்குத் தெரியலியா பாய்? நீ போட்டா புடிக்கிற ஆளுதான? பின்னால தொங்கற பர்தாவ அவ்ளோ இழுத்து இழுத்து சரி பண்ணுவியே?" என்று ஊர்த் தலைவர் கேட்டார்.

பாய் படத்தைத் திருப்பி ஒருமுறை பார்த்தார். "பின்னால பாக்கலைங்க. இவன் மூஞ்சியத்தான் பாத்தேன். அன்னிக்கி அவ்ளோ சந்தோசமா குந்திகினு இருந்தான்."

என்னை விட்டுவிட்டார்கள். அவருக்கு மட்டும் கட்டுப்பாடு விதித்தார்கள். அடுத்த மாசி மகம் வரைக்கும் அவர் ஊர் மரம் எதிலும் கால் வைக்கக் கூடாது, அவரும் வரக் கூடாது, அந்தப் பெட்டியும் வரக் கூடாது. பாய் சரி என்று தலையாட்டினார். மாசி மகத்துக்கு ஒரு வருஷம் இருந்தது. அதற்குள் அந்தக் கிழிசல் வால் மீன் முழுசாக மாறி, பத்தோடு பதினொன்றாகிவிடும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அடுத்த வாரம் நான் ஸ்டுடியோவில் இருந்தபோது அந்த வடக்குக் குப்பத்து ஆள் வந்தார். கெட்டவர் இல்லை. நன்றியோடுதான் வந்தார்.

"எங்க மரத்துல வாங்க பாய். பொட்டியும் எடுத்துக்கினு வாங்க. உங்க தயவுலதான் எங்களுக்கு அந்த எடம் கெடச்சிது. எத்தினி வாட்டி வோணும்னாலும் கூட்டினு போறோம்."

பாயின் கண் தானாகப் பலகை மேலிருந்த பெட்டிக்குப் போனது. தண்ணீர் தெளிந்திருந்த நாள் அது. போ பாய், போய்த் தொலை என்று எனக்கே சொல்லத் தோன்றியது.

"நான் தெரியாமக் காட்னேன்" என்றார் பாய். "இப்ப உங்க மரத்துல வந்தா, தெரிஞ்சே காட்ன மாதிரி ஆயிடும். வேணாம்பா. டீ சாப்ட்டுட்டுப் போ."

ஆள் போனதும் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கழுவுவதற்கு அன்று படம் எதுவும் இல்லை. நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்த மனிதர் மேல் அப்படி ஒரு பாசம் பொங்கியது, அதைச் சொல்லத் தெரியாமல் ஒரு பீடியைப் பற்ற வைத்தேன்.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. ஊர் தடுத்தது அவரையும் பெட்டியையும். முகக்கண்ணாடியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கண்ணாடியை வாங்கிக்கொண்டு வந்தேன். பார் பக்கம் மீன் பிடிக்கப் போகும்போதெல்லாம் நைனாவிடம் திட்டு வாங்கிக்கொண்டே ஒருமுறை இறங்குவேன். வடக்குக் குப்பத்துக்காரர்கள் அங்கே வலையும் போட்டார்கள், அதனால் ஒவ்வொரு தடவையும் அந்த இடுக்கு காலியாக இருக்கப் போகிறது என்ற பயத்தோடுதான் போவேன். நல்லவேளை, இருக்கும். கரைக்கு வந்ததும் நேரே ஸ்டுடியோ. பாய் வேலையைப் போட்டுவிட்டு என் எதிரில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்.

"மொதல்ல வாலச் சொல்லு. கிழிசல் இருந்திச்சா?"

"இருந்திச்சி பாய்."

"வெள்ளக் கோடு?"

"முதுவுல போய்டுச்சி. வவுத்தாண்ட மட்டும் கொஞ்சம் கீது."

"நீலம் எந்தப் பக்கமா ஓடுது? கைல போட்டுக் காட்டு."

உள்ளங்கையை நீட்டுவார். நான் விரலால் கோடு போடுவேன். நாள்பூராவும் பிறருக்குக் காட்டிக்கொண்டே இருந்த மனிதர், நான் காட்டுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். நானும் முன்னைவிட உன்னிப்பாகப் பார்க்கக் கற்றுக்கொண்டேன், அவர் என்னென்ன கேட்பார் என்று தெரியுமே. என் வீட்டுக்காரி, "மாசமா இருக்கறவள இப்டி ஒரு நாளு உத்துப் பாத்துகிறியா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஏரியில் எந்த ஊர் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்று பாடு வைத்து முறை போட்டுக்கொள்வோமே, அதே மாதிரி அந்தப் பாரையும் இரண்டு ஊரும் நாள் மாற்றிப் பங்கு போட்டுக்கொண்டன. மாசி மகம் முடிந்ததும் பாய் மறுபடி எங்கள் மரத்தில் ஏறினார். காதில் சீழ் வைத்து, பொன்னேரி டாக்டர் முங்கக் கூடாது என்று சொல்லும்வரை பல வருஷம் வந்தார். எண்பதுகளின் கடைசியில் சென்னைக்கு மகன் வீட்டோடு போய், அங்கேயே மௌத்தாகிவிட்டார். பாதி மாறிய மீனின் படம் கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் நான் அவரை நினைக்கும்போது வருவது அந்தத் தடை இருந்த வருஷத்தில், ஆடி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாள். தண்ணீர் கலங்கத் தொடங்கியிருந்தது. இடுக்கின் வாசலில் தேன் நிறத்தில் ஒரு மீன் நின்றது. ஒரு வெள்ளைக் கோடுகூட இல்லை. செவுளுக்கு மேலே, இன்னும் முழுசாக மூடாமல், மெல்லிசாக ஒரு நீல வளையம். அது திரும்பியபோது வாலைப் பார்த்தேன். எனக்கு மூச்சு முட்டியது, அப்படியும் இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் மேலே வந்தேன்.

கரையில் மரத்தை இழுத்துப் போட்டுவிட்டு ஈரத் துணியோடு ஓடினேன். ஸ்டுடியோவில் விளக்கெல்லாம் எரிந்தது. ஆண்டார்மடத்திலிருந்து வந்த புதுக் கல்யாண ஜோடி ஒன்று விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பாய் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"கிழிசல்?"

"அதே கிழிசல் பாய்."

"வளையம்?"

"வந்துடுச்சி."

கேமராவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. "அல்லாவே" என்றார். மாப்பிள்ளை பயந்துபோய் எழுந்துவிட்டான். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பான்.

"ஒண்ணுமில்ல, உக்காருப்பா" என்றார் பாய். பிறகு என்னிடம், "இவங்களுக்குச் சொல்லு. மொதல்லந்து சொல்லு" என்றார்.

அந்தச் சூடான விளக்குகளுக்கு நடுவே, உடம்பில் உப்புக் காய, முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு நான் கட்டைவிரல் நீளக் குட்டியிலிருந்து ஆரம்பித்தேன். வெள்ளைக் கோடு ஒவ்வொன்றாகப் போனதைச் சொன்னேன். கையால் நீலம் ஓடும் பக்கத்தைக் காட்டினேன். வளையம் வந்த இடத்துக்கு வந்ததும், அதுவரை குனிந்த தலை நிமிராமல் இருந்த அந்தப் பெண், தன்னை மறந்து, "அய்ய, அதே மீனா?" என்று கேட்டுவிட்டாள்.

பாய் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கை கேமராவில் இருந்தது, அழுத்தத் தோன்றவில்லை.